கவசம், கோல், யானை: பழைய படைத்தலைவர் அச்சுப்படங்களைப் படிக்கும் முறை

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் செப்புத்தகட்டில் வெட்டி அச்சிடப்பட்ட படைத்தலைவர்களின் உருவப்படங்களைப் பார்க்கிறவர்கள் முதலில் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். மூக்கு கூர்மையாக இருக்கிறது, கண்ணில் கொடுமை தெரிகிறது, உதட்டில் கர்வம் தெரிகிறது என்றெல்லாம் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். என் அனுபவத்தில், அப்படங்களில் நம்பிக்கைக்கு மிகக் குறைவாக உரியது அந்த முகம்தான். பியர் லோம்பார் என்ற செதுக்குநர் வான் டைக்கின் ஓவியத்தைத் தழுவி 1650களில் வெட்டிய குதிரைவீரன் தகடு ஒன்று இதற்குப் போதுமான சான்று. அந்தத் தகட்டில் குதிரையும் கவசமும் பக்கத்தில் நிற்கும் ஏவலாளும் அப்படியே இருக்க, தலையை மட்டும் தேய்த்து அழித்துவிட்டு வேறு தலையை வெட்டினார்கள். இங்கிலாந்தின் அரசன் முதலாம் சார்லஸின் தலையும், அவனை வீழ்த்திய கிராம்வெல்லின் தலையும் அதே உடலின்மேல் அமர்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் இடையில், தலையே இல்லாத நிலையில் எடுக்கப்பட்ட படியும் இன்றுவரை இருக்கிறது. கழுத்துக்குமேல் வெறும் வெள்ளைத்தாளாக, கையில் கோலுடன், கம்பீரமாகக் குதிரைமேல் அமர்ந்திருக்கும் அந்த உருவத்தைப் பார்த்த பிறகு, படத்தின் பொருளைச் சுமப்பது முகத்தைச் சுற்றியுள்ளவையே என்பதை ஒருவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை இருக்காது.

காவிரிப் படுகையில் வாழ்கிற எனக்கு இப்படங்களின்மேல் ஏன் இத்தனை ஈடுபாடு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. தரங்கம்பாடியில் டேனியர், நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும், காரைக்காலில் பிரெஞ்சுக்காரர், கொள்ளிடத்தின் முகத்துவாரத்திலிருக்கும் தேவிக்கோட்டையில் ஆங்கிலேயர் என்று நான்கைந்து நாட்டுப் படைகள் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும் கடற்கரையில் முகாமிட்டிருந்த மண் இது. அந்தப் படைகளை நடத்தியவர்கள் ஊர் திரும்பியதும் தம்மை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார்கள் என்பது நம் வரலாற்றின் ஒரு பகுதி. அதை அவர்களே விட்டுச்சென்ற தாள்களிலிருந்து படித்துக்கொள்ள முடியும்.

படிக்கத் தொடங்குமுன் தகட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில் முன்பெல்லாம் சிற்றுளியும் சிறு சுத்தியலும் வைத்துக்கொண்டு எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டித் தருவார்கள். செப்புத்தகட்டுச் செதுக்குநரின் வேலையும் ஏறத்தாழ அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வேறுபாடு, அவர் சுத்தியலால் தட்டுவதில்லை என்பது. பியூரின் என்னும் நான்முக உளியின் குமிழை உள்ளங்கைக்குள் அடக்கி, தகட்டைத் தோல்மெத்தைமேல் திருப்பித் திருப்பி வைத்து, கையழுத்தத்தாலேயே கோடு இழுக்கிறார். அழுத்தம் கூடினால் கோடு தடிக்கும், குறைந்தால் மயிரிழையாகும். வெட்டிய பள்ளங்களில் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, நனைத்த தாளை மேலே வைத்து உருளைகளுக்கிடையே செலுத்தினால் பள்ளத்தில் நின்ற மை தாளுக்கு ஏறுகிறது. எனவே தகட்டிலிருப்பது தாளில் இடம்வலமாக மாறித்தான் விழும். கவனமுள்ள செதுக்குநர் கண்ணாடியில் பார்த்துத் திருப்பி வெட்டுவார். அவசரக்காரர் மூல ஓவியத்தை உள்ளபடியே தகட்டில் வெட்டிவிடுவார். அச்சில் வரும் தளபதி இடக்கையால் கட்டளையிட்டுக்கொண்டு, வாளை வலப்பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார். பின்னால் நான் சொல்லப்போகும் படத்துக்கு இந்தச் செய்தி மிக முக்கியம்.

படத்தின் கீழ்விளிம்பில் பொடியெழுத்தில் இருக்கும் லத்தீன் சொற்களையும் விட்டுவிடக் கூடாது. பெயரை அடுத்துப் ‘பின்ஸிட்’ என்று இருந்தால் அவர் மூல ஓவியத்தை வரைந்தவர். ‘ஸ்கல்ப்ஸிட்’ என்றால் தகட்டை வெட்டியவர். ‘எக்ஸ்கூடிட்’ என்றால் வெளியிட்டவர். இங்கிலாந்தில் 1735ஆம் ஆண்டு வந்த செதுக்கோவிய உரிமைச் சட்டத்துக்குப் பிறகு, வெளியிட்ட நாளும் உரிமையாளர் பெயரும் தகட்டிலேயே இடம்பெற வேண்டியதாயிற்று. அது நமக்குப் பெரிய வரம்.

இனிக் குறியீடுகளுக்கு வருகிறேன். தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் ஓர் அனுகூலம் உண்டென்று நான் உறுதியாக நம்புகிறேன். போரைப் பூவால் சொல்லும் மரபில் வளர்ந்தவர்கள் நாம். ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை, படையெடுத்துச் சென்றால் வஞ்சி, மதிலை வளைத்தால் உழிஞை, எதிரெதிர் நின்று பொருதால் தும்பை, வென்றால் வாகை. வீரன் உண்மையில் அன்றைக்கு அந்தப் பூவைச் சூடினானா என்று எவரும் கேட்பதில்லை. அது போரின் எந்தக் கட்டம் என்பதை அறிவிக்கும் அடையாளம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஐரோப்பியப் படங்களில் நீள்வட்டச் சட்டத்தைச் சுற்றிக் கிடக்கும் இலைகளையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். லாரல் இலை என்றால் வெற்றி. கருவாலி இலை என்றால், போரில் சக குடிமகன் ஒருவனின் உயிரைக் காத்தவனுக்கு ரோமானியர் சூட்டிய முடியின் நினைவு. ஒலிவக்கிளை என்றால் அமைதி. எக்காளம் ஊதும் பெண் புகழ். சிங்கத்தோல் ஹெர்குலீஸின் வலிமை. தலைக்கவசம் தலையில் இல்லாமல் மேசைமேல் இருந்தால், போர் முடிந்தது, இனி ஆட்சி நடக்கிறது என்று பொருள் கொள்ளலாம். கையிலுள்ள குறுங்கோல் படையை நடத்தும் அதிகாரம். கோலின் முனை ஒரு கோட்டையையோ வரைபடத்தையோ சுட்டினால், அந்தக் கோட்டையின் பெயரைத் தேடினாலே ஆளை ஏறக்குறைய கண்டுபிடித்துவிடலாம்.

உடற்கவசம் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று. துப்பாக்கி பெருகிவிட்ட பதினெட்டாம் நூற்றாண்டில் முழு எஃகுக் கவசம் அணிந்து களத்துக்குப் போன தளபதியைக் காண்பது அரிது. ஆனாலும் படத்தில் மட்டும் கவசம் பளபளக்கிறது. தொன்மையான வீரர் குலத்தில் தான் ஒருவன் என்று சொல்வதற்காக அணியப்பட்ட கவசம் அது. 1642ஆம் ஆண்டு லுட்விக் ஃபான் ஸீகன் மெசோடிண்ட் முறையில் முதல் படத்தை வெளியிட்டார். தகடு முழுவதையும் முள்முள்ளாகச் சொரசொரப்பாக்கி, வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் தேய்த்து மெருகேற்றும் முறை அது. அதன்பின் கருவெல்வெட் போன்ற இருளிலிருந்து எஃகின் ஒளி மேலெழுவதைத் தாளில் காட்ட முடிந்தது. அந்த ஒளிக்காகவே கவசம் வரைந்தார்களோ என்று எனக்குச் சில படங்களில் தோன்றும்.

மரபு அறிந்ததோடு வேலை முடிவதில்லை. மரபிலிருந்து எது விலகுகிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. இதையும் நம்மூர் கல்வெட்டே கற்றுத் தருகிறது. ‘திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்’ என்று தொடங்கும் இராசராசனின் மெய்க்கீர்த்தி ஒவ்வொரு கல்வெட்டிலும் ஒரே சொற்களோடுதான் தொடங்குகிறது. ஆனால் ஆட்சியாண்டு ஏற ஏற வெற்றிகளின் பட்டியல் நீள்கிறது. ஆண்டு சிதைந்துபோன கல்லையும், எந்த வெற்றி வரை சொல்லியிருக்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை வைத்துக் கல்வெட்டறிஞர்கள் காலம் கணிக்கிறார்கள். அச்சுப்படத்தில் அந்த வேலையைச் செய்பவை பதக்கங்கள். 1782 ஜூலை 6ஆம் நாள் நாகப்பட்டினக் கடலில் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸோடு மோதிய பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரான், மால்டா வீரக்குழாத்தைச் சேர்ந்தவர். எட்டு முனைகொண்ட அந்தச் சிலுவை அவர் படங்களில் இருக்கும். பிரெஞ்சு அரசனின் தூய ஆவிப் பட்டம் அவருக்கு 1784இல்தான் கிடைத்தது. எனவே அந்தப் பட்டத்தின் அகன்ற குறுக்குப்பட்டை அவர் மார்பில் தெரிந்தால், கீழே எந்தப் போரைப் பற்றி எழுதியிருந்தாலும், தகடு அதற்குப் பிந்தியது. 1781இல் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியை எதிர்த்து நின்ற ஆங்கிலத் தளபதி அயர் கூட், ‘பாத்’ என்னும் ஆங்கில வீரப்பட்டத்தைப் பெற்றது 1771இல். அவர் மார்பில் அந்தப் பட்டத்துக்குரிய நட்சத்திரம் இல்லாத படம் கிடைத்தால், மூல ஓவியம் அதற்கு முந்தியதாக இருக்கக்கூடும் என்று தேடத் தொடங்கலாம்.

இப்போது நான் மேலே குறிப்பிட்ட படத்துக்கு வருகிறேன். தரங்கம்பாடிப் பக்கத்தில் ஒரு நண்பரின் வீட்டில், பூஜையறைக்கு எதிர்ச்சுவரில், காலண்டர்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது அது. நீள்வட்டச் சட்டத்துக்குள் நீண்ட சுருள்முடியணிந்த மனிதர். மார்பில் கவசம், தோளில் எர்மின் என்னும் வெண்மயிர்த் தோல்போர்வை, கையில் கோல், பின்னணியில் புகையும் குதிரைப்படையும். யாரோ சட்டத்துக்கு ஏற்பத் தாளின் அடியை வெட்டிவிட்டதால் பெயரும் செதுக்குநரும் போய்விட்டார்கள். இடுப்பருகே குறுக்குப்பட்டை முடியும் இடத்தில், கட்டைவிரல் நகத்தளவில் ஒரு யானை தொங்குகிறது. யானைமேல் ஒரு கோபுரம், கழுத்தில் ஒரு பாகன். நண்பரின் பெரியம்மா அதைச் சுட்டிக்காட்டி, “இது தஞ்சாவூர் ராஜா வெள்ளைக்காரனுக்குக் குடுத்த யானை தம்பி, அதத்தான் மாட்டிக்கிட்டு நிக்கிறான்” என்றார். 1620இல் இரகுநாத நாயக்கர் டேனியருக்குத் தரங்கம்பாடியை அளித்து உடன்படிக்கை செய்ததையும், டென்மார்க் அரசனுக்குப் பொன்னேட்டில் கடிதம் எழுதியதையும் அறிந்த எவருக்கும் அந்த எண்ணம் இயல்பாகவே வரும்.

ஆனால் அந்த யானை காவிரிக்கரை யானையன்று. டென்மார்க்கின் மிக உயர்ந்த பட்டமான யானைப் பட்டத்தின் சின்னம் அது. அதன் வேர் பதினைந்தாம் நூற்றாண்டில், டேனியக் கப்பல் இங்கு வருவதற்கு நூற்றைம்பது ஆண்டுக்கும் முந்தி இருக்கிறது. 1693இல் ஐந்தாம் கிறிஸ்டியன் அதற்கு முறையான விதிகளை வகுத்தார். ஐரோப்பியர் நூல்களில் படித்தும் கதைகளில் கேட்டும் கற்பனை செய்த போர்யானை அது. கோபுரம் சுமக்கும், கற்புக்கும் வலிமைக்கும் உருவகமாகும். பாகனைக் கருநிறத்தவனாகச் செய்ததும் அந்தக் கற்பனையின் பகுதியே. இவ்வளவும் சொன்ன பிறகும் பெரியம்மாவின் பார்வையை நான் முற்றாக ஒதுக்கமாட்டேன். தரங்கம்பாடியில் அந்தப் பதக்கத்தைப் பார்த்த நம் மக்கள், கோயில் யானையை நாள்தோறும் கண்டவர்கள், அதைத் தம்முடையதாகவே படித்திருப்பார்கள்.

யானைப் பட்டம் அரச குடும்பத்தாருக்கும் மிக உயர்ந்த பிரபுக்களுக்கும் மட்டுமே உரியது என்பதால் ஆள்களின் வட்டம் சுருங்கிவிட்டது. அடுத்து ஒரு சிக்கல். யானைப் பட்டத்தின் நீலப்பட்டை இடத்தோளிலிருந்து வல இடுப்புக்கு வர வேண்டும்; இப்படத்தில் வலத்தோளிலிருந்து இட இடுப்புக்கு வந்திருந்தது. டென்மார்க்கின் இன்னொரு பட்டமான டானப்ரோகின் வெள்ளைப்பட்டைதான் வலத்தோளிலிருந்து வரும், ஆனால் அதில் யானை தொங்காது. நட்சத்திரப் பதக்கத்தைப் பார்த்ததும் தெளிவாயிற்று: இடமார்பில் இருக்க வேண்டியது வலமார்பில் இருந்தது, வாளின் கைப்பிடியும் வலப்பக்கமே தெரிந்தது. செதுக்குநர் ஓவியத்தைத் திருப்பாமல் வெட்டியிருக்கிறார். கண்ணாடிக்கு முன் பிடித்துப் பார்த்தால் எல்லாம் உரிய இடத்துக்கு வந்துவிடுகின்றன.

நீள்வட்டத்தின் அடியில் வரைந்த பீடத்தில், தாளை வெட்டியதில் தப்பிய சிறு கேடயம் ஒன்று இருந்தது. கருப்பும் வெள்ளையுமான அச்சில் நிறத்தை எப்படிச் சொல்வது என்பதற்கு, 1638இல் சில்வெஸ்டர் பெத்ரா சாங்தா என்ற இயேசு சபைத் துறவி வெளியிட்ட முறை ஐரோப்பா முழுதும் நிலைபெற்றது. செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளிகள் பொன், ஒன்றுமில்லாமல் விட்டால் வெள்ளி, குறுக்கும் நெடுக்கும் வெட்டினால் கருப்பு. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோது கேடயத்தின் பரப்பில் புள்ளிகளும், மூன்று சிங்கங்களின் உடலில் கிடைக்கோடுகளும், சுற்றிச் சிதறிய இதயங்களில் செங்குத்துக் கோடுகளும் தெரிந்தன. பொன்னில் நீலச் சிங்கங்கள், சிவப்பு இதயங்கள்: டென்மார்க் அரசச் சின்னம். மையும் தாளும் மட்டுமே கொண்ட ஒரு பொருளில் முந்நூறு ஆண்டுக்கு முந்தைய நிறம் இத்தனை துல்லியமாகக் காத்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

எந்த அரசன் என்பதற்கு விடை தரங்கம்பாடியிலேயே இருந்தது. கேடயத்துக்கு மேலே முடிசூடிய பெயரெழுத்துப் பின்னல் ஒன்று, பாதி அழிந்து, இருந்தது. அதே பின்னல் 1718இல் கட்டிமுடிக்கப்பட்ட புது எருசலேம் ஆலயத்தின் முகப்பில், சுண்ணச் சுதையில், பெரிதாக நிற்கிறது. சமயப் பணியாளர் சீகன்பால்குவை 1706இல் இங்கு அனுப்பிய டென்மார்க் அரசன் நான்காம் பிரடெரிக்கின் முத்திரை அது. அந்த வீதியில் நடந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்திருக்கக்கூடிய ஒன்று. ஸ்வீடனோடு நெடுங்காலம் நீண்ட பெரும் வடபுலப் போரில் ஈடுபட்ட அரசன் அவர். எனவே படத்தின் பின்னணியில் உள்ள புகையும் குதிரைகளும் அந்தப் போரைக் குறிக்கலாம். ஆனால் இத்தகைய புகையை வெட்டுவது அந்தத் தொழிலில் கைப்பழக்கம் என்பதால் எந்தக் களம் என்று பெயர் சொல்ல நான் துணியமாட்டேன்.

பின்னணிகளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் காவிரிப் படுகை இத்தகைய கலையில் நுழைவது பெரும்பாலும் பின்னணியாகத்தான். கும்பினியின், அதாவது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின், படைத்தலைவர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் 1749இல் தேவிக்கோட்டையைப் பிடித்தவர். அப்போது கிளைவ் அவருக்குக் கீழ் ஓர் இளம் அதிகாரி. தஞ்சையின் அரியணைக்கு உரிமை கோரிய சாகுஜிக்காகத் தொடங்கிய படையெடுப்பு, கோட்டை கைக்கு வந்ததும் பிரதாபசிங்கரோடு சமாதானமாக முடிந்தது. கோட்டை மட்டும் கும்பினியிடம் தங்கியது. பின்னர் திருச்சிராப்பள்ளி முற்றுகையில் பெரும்பெயர் பெற்ற லாரன்ஸை ரெனால்ட்ஸும் கெய்ன்ஸ்பரோவும் ஓவியமாக வரைந்தார்கள். பீட்டர் ஸ்கீமேக்கர்ஸ் என்ற சிற்பி அவரையும் கிளைவையும் கடற்படைத் தலைவர் போக்காக்கையும் ரோமானியத் தளபதிகளின் உடையில் நிற்கவைத்தார். ஆடி மாதத்துப் புழுதியிலும் ஐப்பசிச் சேற்றிலும் சீருடை நனைய நடந்தவர்களுக்கு வெறும் முழங்காலும் மார்புத்தகடும்! வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் கும்பினி எழுப்பிய லாரன்ஸின் நினைவுச்சின்னத்தில், கும்பினியே ஒரு பெண்ணுருவாய் அமர்ந்து அவருடைய மார்பளவுச் சிலையைச் சுட்டுகிறது, புகழ்மகள் கேடயம் ஏந்தி நிற்கிறாள், அடியில் திருச்சிராப்பள்ளியின் தோற்றம் புடைப்பாக இருக்கிறது. ஒரு நகரமே ஒருவரின் பீடத்துக்கு அணியாகிவிட்டது.

அந்த முற்றுகைக் காலத்தில் தஞ்சைப் படையை நடத்திய மானோஜி என்ற தளபதியை நினைத்துப் பாருங்கள். கர்நாடக நவாபு பதவிக்குப் போட்டியிட்டு, 1752இல் திருவரங்கத்தில் சிக்கிய சந்தா சாகிபு சரணடைந்தது அவரிடம்தான். பின் சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது. கர்நாடகப் போரின் போக்கையே திருப்பிய நிகழ்ச்சி அது. ஐரோப்பியர் எழுதிய வரலாறுகளில் மானோஜியின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் படங்களின் மொழியில் அவருக்கு இடம் இல்லை. அந்த மொழியில் நம்மவர்கள் பெரும்பாலும் பீடத்தின் அடியில் குவிந்து கிடக்கும் வளைவாளும் தலைப்பாகையும் வட்டக்கேடயமுமாக, அதாவது கைப்பற்றிய பொருளாக மட்டும், இடம்பெறுகிறார்கள். வெற்றிக்குவியலில் இருக்கும் ஆயுதம் எந்த நாட்டு வடிவம் என்று பார்ப்பது, யாரை வென்றதாக அந்தப் படம் சொல்லிக்கொள்கிறது என்பதை அறிய மிகச் சிறந்த வழி.

இந்த மொழியை முழுதாக அறிந்த ஒருவர் தஞ்சையில் இருந்தார் என்பது எனக்கு எப்போதும் பெருமிதம் தரும் செய்தி. இரண்டாம் சரபோஜி ஐரோப்பிய நூல்களோடு அச்சுப்படங்களையும் சேர்த்தவர். பதினான்காம் லூயியின் ஓவியர் சார்ல்ஸ் லெ ப்ருன் மனித முகத்தை விலங்கு முகங்களோடு இணைவைத்து வரைந்த படத்தாள்கள் சரஸ்வதி மகால் காட்சிக்கூடத்தில் இன்றும் இருக்கின்றன. கழுகு மூக்கும் சிங்க நெற்றியும் வீரத்துக்கு அடையாளம் என்று செதுக்குநர்கள் நம்பிய காலத்தின் பாடநூல் அது. தளபதிகளின் முகங்களைப் படிக்க விரும்புகிறவர்கள் முதலில் அங்கே போய்ச் சிறிது நேரம் நிற்க வேண்டும்.

1799 அக்டோபர் உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சியைக் கும்பினியிடம் ஒப்படைத்துவிட்டு, தஞ்சைக் கோட்டையளவுக்கு அதிகாரம் சுருங்கிய அரசர் அவர். நெப்போலியனின் வீழ்ச்சியைக் குறிக்க 1814இல் சரபேந்திரராஜன்பட்டினக் கடற்கரையில் மனோராவை எழுப்பியபோது, அதன் கல்வெட்டில் தம்மை ஆங்கிலேயரின் நண்பர் என்றும் துணைவர் என்றும் சொல்லிக்கொண்டார். வெற்றித்தூண் எழுப்பியவர் அவர், வெற்றி வேறொருவருடையது. இந்தியாவுக்கே வராத ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செய்த அவருடைய வெண்பளிங்குச் சிலை அரண்மனை தர்பார் மண்டபத்தில் நிற்கிறது. கூர்த்த தலைப்பாகையோடு, கைகளைக் கூப்பியபடி நிற்கிறார் சரபோஜி. கும்பினித் தளபதிகளுக்கு ரோமானியக் கவசம் அணிவித்த தலைமுறைக்கு அடுத்த தலைமுறைச் சிற்பி, கிரேக்க ரோமானிய வடிவங்களில் தோய்ந்தவர், போன்ஸ்லே குலத்து அரசருக்குக் கோலும் கவசமும் தரவில்லை. அரசர் அதைப் பணிவென்று கொண்டாரா, பக்தியென்று கொண்டாரா, பார்க்கும் ஆங்கிலேயர் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று எண்ணினாரா என்பதைப் பற்றி எனக்கு ஓர் ஊகம் உண்டு. கூப்பிய கை, நம் மரபில், வணங்குகிறவனின் தகுதியைக் குறைப்பதில்லை. பெரியகோயில் சுவரில் தம் குலவரலாற்றை மராத்தியில் மிக நீளமாக வெட்டிவைத்த மனிதர், எந்த நிலையில் நின்றால் இரண்டு தரப்பும் தத்தமக்கு உகந்ததைப் படித்துக்கொள்ளும் என்பதை அறியாதவராக இருந்திருக்க முடியாது.